குனிந்த தலை நிமிராத பிள்ளை

மகாலிங்கம் முதலாளிக்கும் எனக்கும் சண்டை நடக்காத நாள் வெள்ளிக்கிழமை மட்டும்தான். அன்று எனக்கு லீவு.

மற்ற நாட்களில் தில்லையடியிலிருந்து காலை பஸ்ஸில் போய் எத்தாளையில் இறங்கி, கரையில் மீன் காயப்போடும் அவருடைய கருவாட்டு வாடிக்குள் கால் வைத்ததும் ஏதாவது ஒன்று தொடங்கிவிடும். உப்புப் போதாது என்பார், கூடிப்போய்விட்டது என்பேன். லொறியை இன்றைக்கே அனுப்பவேண்டும் என்பார், கட்டாக் கருவாடு இன்னும் ஒரு வெயில் காணவேண்டும் என்பேன். மீன் வெட்டும் பெண்கள் கத்தியை வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அவருடைய மனைவி தவமலர் அன்ரி தேத்தண்ணியைக் கொண்டுவந்து எங்களுக்கு நடுவில் வைத்து, "குடிச்சிட்டுச் சண்டை பிடியுங்கோ, ஆறப்போகுது" என்பார்.

முதலாளி யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்காரர். நாங்கள் மன்னார், எருக்கலம்பிட்டி. இரண்டு குடும்பமும் யுத்தத்தில் ஒரே வருடத்தில் ஊரை விட்டு, எங்கெங்கோ அலைந்து, கடைசியில் புத்தளத்துக்கு வந்து சேர்ந்தவை. நான் முகாமில் பிறந்தவள். யார் யாரால் ஊரை விட்டோம் என்பதை மட்டும் நாங்கள் சண்டைக்குள் கொண்டுவருவதில்லை. மற்றபடி எதையும் விட்டுவைத்ததில்லை.

என் பெயர் ஃபஹ்மியா. சாதாரண தரப் பரீட்சை எழுதியதும் உம்மா என்னைப் பெண்கள் அரபுக் கல்லூரி ஒன்றில் சேர்த்துவிட்டார். ஐந்து வருடம் மார்க்கக் கல்வி படித்து மௌலவியாப் பட்டத்தோடு வந்தேன். பிறகு வீட்டிலிருந்தே வெளிவாரியாக ஒரு கலைப் பட்டம். எனக்குக் கணக்கு வரும் என்பதை நான் கண்டுபிடித்ததே அரபுக் கல்லூரியில்தான். அங்கே ஃபராயிழ் என்று ஒரு பாடம் உண்டு, சொத்துப் பங்கீட்டுச் சட்டம். ஒருவர் சொத்தை விட்டுவிட்டு மௌத்தாகிறார். மனைவி இருக்கிறார், தாய் தகப்பன் இருக்கிறார்கள், இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் உரிய பங்கைக் கூட்டிப் பார்த்தால் இருக்கிற சொத்தைத் தாண்டிவிடும். அப்போது யாரையும் வெட்டிவிடக் கூடாது, எல்லாருடைய பங்கையும் ஒரே அளவில் குறைக்கவேண்டும். மற்றப் பிள்ளைகள் இந்தப் பாடத்துக்கு அழுவார்கள். நான் அதைப் பகல் சாப்பாட்டைவிட விரும்பினேன்.

அந்தக் கணக்கை நம்பித்தான் மகாலிங்கம் முதலாளி என்னை வேலைக்கு எடுத்தார். கணக்குக் கொப்பி எழுதச் சேர்ந்தவள், ஆறு வருடத்தில் மீன் வாங்குவதிலிருந்து லொறி ஏற்றுவதுவரை எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்துவிட்டேன். அவர் தடுத்தார். நான் நுழைத்தேன். எங்கள் உறவின் சுருக்கம் அதுதான்.

யுத்தம் முடிந்து ஒன்பதாம் வருடம், கொழும்புக் கம்பனி ஒன்று எங்களிடம் நெத்தலி வாங்கத் தொடங்கியது. சில மாதம் கழித்துக் கனடாவிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர் பளபளப்பான பைக்கெற் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே எங்கள் நெத்தலி. எங்கே கண்டாலும் எனக்கு அதைத் தெரியும். பைக்கெற்றில் எங்கள் கரையின் பெயரும் இல்லை, வாடியின் பெயரும் இல்லை. எனக்குக் கோபம்கூட வரவில்லை, ஆசைதான் வந்தது. இந்த வாடிக்கும் அந்தப் பைக்கெற்றுக்கும் நடுவில் என்ன நடக்கிறது, யார் அதைத் தீர்மானிக்கிறார்கள் என்று அறியாமல் இருக்க முடியவில்லை. தேடிப் பார்த்தபோது, அப்படித் தீர்மானிக்கிறவர்கள் படித்த இடம் ஒன்று சிங்கப்பூரில் இருந்தது. உலகத்திலேயே முன்வரிசையில் நிற்கும் முகாமைத்துவக் கல்லூரி. எனக்கும் எம்.பி.ஏ. படிக்கவேண்டும் என்று தோன்றிவிட்டது. தோன்றினால் நான் விடமாட்டேன்.

விண்ணப்பத்தில் முதலாவது பட்டம் எந்தத் துறை என்று கேட்டு, கீழே தெரிவுசெய்ய நீண்ட வரிசை ஒன்று இருந்தது. பொறியியல், பொருளியல், சட்டம், கப்பல் கட்டும் தொழில்கூட இருந்தது. மௌலவியா இல்லை. கடைசியில் ‘மற்றவை’ என்று ஒன்று இருந்தது, அதை அழுத்தினேன்.

கொழும்பில், வெள்ளவத்தையில், வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்க உதவும் ஓர் ஆலோசகரிடம் போனேன். நல்ல மனிதர், குளிரூட்டிய அறை. என் விபரங்களைப் படித்துவிட்டு அரபுக் கல்லூரியை எடுத்துவிடச் சொன்னார். அந்த ஐந்து வருடத்தையும் வீட்டில் நோயாளி ஒருவரைப் பராமரித்ததாக எழுதலாமாம். கருவாடு என்ற சொல்லும் வேண்டாம், ‘கடலுணவுத் துறை’ போதும் என்றார். நான் அந்த அறையிலிருந்து வந்து, பஸ்ஸுக்குள் இருந்தே பங்கீட்டுக் கணக்கைப் பற்றிய கட்டுரையை எழுதத் தொடங்கினேன். பங்கு கேட்க உரிமை உள்ளவர்கள் அதிகமாகவும் சொத்துக் குறைவாகவும் இருக்கும்போது என்ன செய்வது என்பதை ஐந்து வருடம் படித்தவளை முகாமைத்துவம் தெரியாதவள் என்று எப்படிச் சொல்வது? கருவாட்டைக் கருவாடு என்றே எழுதினேன்.

இரண்டாவது கட்டுரைக்குக் கேள்வி, ‘நீங்கள் தலைமை தாங்கி ஒன்றை மாற்றிய சந்தர்ப்பம்’. அதற்குப் பரண் கதையை எழுதினேன்.

எங்கள் வாடியில் கருவாடு மணலில் பாய் விரித்துத்தான் காயும். காற்று அடித்தால் மணல் ஏறும். கம்பு நட்டு, பழைய வலையை இழுத்துக் கட்டிப் பரண் போட்டால் மணலும் ஏறாது, காற்றும் கீழால் வரும் என்று இரண்டு மாதம் சண்டை பிடித்தேன். முதலாளி மசியவில்லை. அவர் தங்கையின் மகளுடைய கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போன நேரம் பார்த்து, பெண்களையும் சேர்த்துக்கொண்டு பரணைக் கட்டிவிட்டேன். வந்து பார்த்தவர் கரையே கேட்கக் கத்தினார். கழட்டச் சொன்னார். நீங்களே கழட்டுங்கள் என்றேன். கழட்டவில்லை. அந்தச் சரக்கைக் கொழும்பு வியாபாரிகள் முதலில் கேட்டு வாங்கினார்கள். அடுத்த கிழமை அவரே இன்னும் பத்துப் பரண் போடச் சொன்னார், ஆனால் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

கல்லூரிக்கு என்னை வேலையில் மேற்பார்வை செய்த ஒருவர் சிபாரிசு சொல்லவேண்டும். எனக்கு இருக்கிறது ஒரே ஒரு முதலாளி. அவருடைய பெயரையும் போன் நம்பரையும் எழுதி, இவருக்குத் தமிழ்தான் தெரியும் என்று குறிப்பும் போட்டேன். பிறகு அவரிடம் சொன்னேன்.

"சிங்கப்பூரோ? அங்க போய் என்ன படிக்கப்போறாய், கருவாடு காயப்போடவோ?"

"கருவாட்ட எப்பிடி விக்கிற எண்டு படிக்க."

"இஞ்ச விக்காமலோ இருக்கிறம்?"

அந்தச் சண்டை இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள், "பேப்பர் வந்தாக் கொண்டா, கையெழுத்து வைக்கிறன்" என்றார். அவருடைய மொழியில் அது சம்மதம்.

இதற்கிடையில் இன்னொரு விஷயத்தையும் சொல்லவேண்டும். உம்மா எனக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பற்றி நேரே வந்து விசாரிப்பதில்லை. மூன்றாம் ஆள் ஒருவரை அனுப்புவார்கள். அந்த ஆளும் விசயத்தைச் சொல்லமாட்டார். வேறேதோ அலுவலாக வந்ததுபோல் வந்து, பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொண்டு போவார். முந்தின வருடம் இரண்டு பேர் வாடிக்குக் கருவாடு வாங்க வந்தார்கள். ஒரு கிலோ நெத்தலியைப் பொறுக்கியபடி, அந்தக் கணக்குப்பிள்ளை எப்படி, சத்தம் போட்டுக் கதைக்குமா என்று கேட்டார்கள். அன்று முதலாளி இல்லை. மீன் வெட்டும் பெண்கள் பெருமையோடு, "அந்தப் புள்ள வாயத் திறந்தா முதலாளியே அடங்கிப் போவார்" என்றார்கள். அந்தச் சம்பந்தம் அந்த நெத்தலியோடு போனது.

உம்மாவின் பெயர் றுக்கியா. பொறுமைசாலி, ஆனால் இந்த விசயத்தில் பொறுமை இல்லை. தானே பஸ் ஏறி வாடிக்கு வந்து முதலாளியிடம் கேட்டுக்கொண்டார்.

"இனி ஆராச்சும் எங்கட மகளப் பத்திக் கேட்டா நீங்களே கதைங்க. அடக்கமான புள்ள எண்டு சொல்லுங்க. உங்கட வாயால சொன்னா நம்புவாங்க."

"நீங்கள் யோசியாதேங்கோ றுக்கியா. அது என்ர பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தார். தவமலர் அன்ரி அப்போதே சிரித்தாராம்.

ஒரு திங்கட்கிழமை காலை நான் வாடிக்குப் போனபோது முதலாளி வாசலிலேயே நின்றார். முகத்தில் வெற்றிக் களை.

"உன்ர உம்மாவுக்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்திப் போட்டன். நேற்று நீ போனாப்பிறகு போன் வந்தது. வெளிநாட்டு நம்பர்."

மாப்பிள்ளை விசாரணை என்றாலே எனக்கு எரிச்சல். என்ன ஏது என்று கேட்காமல் உள்ளே போய்விட்டேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகுதான் மின்னஞ்சலைப் பார்த்தேன். கல்லூரியிலிருந்து வந்திருந்தது. உங்கள் முதலாளியுடன் எங்கள் பழைய மாணவி பிரியதர்சினி தமிழில் பேசினார், அடுத்த செவ்வாய் உங்களுக்கு நேர்முகப் பரீட்சை என்று இருந்தது.

படித்து முடித்ததும் முதலாளியைத் தேடி ஓடினேன். அவர் உப்பு மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, நேத்துப் போன் எடுத்தது ஆரு?"

"ஒரு பொம்பிளை. தமிழ்தான், கொஞ்சம் கொன்னைத் தமிழ்."

"எங்கருந்து எண்டு சொன்னாவா?"

"ஏதோ பள்ளிக்கூடத்திலயிருந்து எண்டவ." கண்ணைச் சிமிட்டினார். "அப்பிடித்தானே சொல்லுவினம். போன வருசம் வந்தவை நெத்தலி வேணும் எண்டுதானே வந்தவை. பள்ளிக்கூடம் எண்டாப் பேப்பரல்லோ அனுப்பும்? இவ மாப்பிள்ளை பகுதிக்குத் தெரிஞ்ச ஆள். எனக்குத் தெரியாதோ!"

நான் உப்பு மூட்டையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "என்ன கேட்டா, நீங்க என்ன சொன்னீங்க? ஒண்டும் விடாமச் சொல்லுங்க."

அவர் இன்னும் பெருமையில்தான் இருந்தார்.

"மற்ற ஆக்களை வைச்சு நடத்துவாவோ எண்டு கேட்டவ. சீச்சீ, ஒருத்தரையும் ஏவமாட்டா, சொன்ன வேலையைச் செய்வா, குனிஞ்ச தலை நிமிராது எண்டன். உங்களோட எப்பவாவது ஒத்துவராமல் போனதோ எண்டு கேட்டவ. என்ர சொல்லுக்கு மறுசொல் இல்லை எண்டன். தானாய் ஏதும் முடிவெடுத்திருக்கிறாவோ எண்டு கேட்டவ. என்னைக் கேக்காமல் ஒரு பாயைக்கூட நகத்தமாட்டா எண்டன்."

"யா அல்லாஹ்."

"குறை ஏதும் இருக்கோ எண்டும் கேட்டவ. ஒரு நோய்நொடி இல்லை, கண்ணாடிகூடப் போடுறேல்லை எண்டன். புது இடத்தில சமாளிப்பாவோ எண்டதுக்கு, எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுக்கு ஏத்தமாதிரி நடப்பா எண்டன். சமையலும் நல்லாய் வரும் எண்டு நானாத்தான் சேர்த்துச் சொன்னனான்."

"என்ட சமையல நீங்க சாப்பிட்டிருக்கீங்களா?"

"இல்லை. அதுக்கென்ன?"

நான் மின்னஞ்சலைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவர் முகத்தில் இருந்த களை அப்படியே வடிந்தது. முந்தின நாள் வந்த நம்பருக்குப் போன் எடுத்தார். யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் எடுத்தார். நான் கல்லூரிக்கு எழுதிக் கேட்டேன். சிபாரிசு ஒருமுறைதான், திருத்த இடமில்லை, சந்தேகங்களை நேர்முகத்தில் பேசலாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அந்தக் கிழமை முழுக்க எங்களுக்குள் சண்டை நடக்கவில்லை. உப்பைப் பற்றி அவர் கேட்டால் சரி என்றேன். லொறியை அனுப்பவா என்று அவர் என்னிடமே கேட்டார். மீன் வெட்டும் பெண்களுக்கு அது பெரிய அசௌகரியமாக இருந்தது.

எனக்கு என்ன பயம் என்றால், மௌலவியா என்பதால் தள்ளியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கருவாடு நாறுகிறது என்று தள்ளியிருந்தாலும் சரிதான். பரண் கதையைப் பொய் என்று நினைத்துவிடுவார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த வேலை அது.

நேர்முகத்தை வாடியில் நான் கணக்கு எழுதும் கந்தோர் அறையிலேயே வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டு வாசலில் வாப்பாவின் சைக்கிள் திருத்தும் கடை, அடிக்கிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது. வாடிக்கு இன்ரர்நெற் லைன் எடுத்திருந்தோம், அதுவும் நான் சண்டை போட்டு எடுப்பித்ததுதான். யாரும் அறைப் பக்கம் வரக்கூடாது என்று முதலாளிக்கு முக்கியமாகச் சொல்லியிருந்தேன். அவர் தலையாட்டினார். ஆனால் ஜன்னலுக்கு வெளியே அவருடைய வெள்ளைச் சேட்டுக் கையின் ஒரு முனை தெரிந்துகொண்டே இருந்தது.

திரையில் இரண்டு பேர். ஒருவர் பிரியதர்சினி, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குச் சிங்கப்பூரில் பிறந்தவர் என்று அறிமுகத்தில் சொன்னார். மற்றவர் வயதான பேராசிரியர், வெள்ளைக்காரர், சிரிக்காத முகம். ஆங்கிலத்தில்தான் பேசினோம். பங்கீட்டுக் கணக்கைப் பற்றி நிறையக் கேட்டார்கள். மனைவி, தாய் தகப்பன், இரண்டு பெண் பிள்ளைகள் கணக்கை ஒரு தாளில் செய்து காட்டினேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைப் பார்த்தார். நல்லாகத்தான் போனது. பிறகு அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"உங்கள் கட்டுரையில் முதலாளியின் சொல்லை மீறிப் பரண் கட்டினதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முதலாளியோ, தன்னைக் கேட்காமல் நீங்கள் ஒரு பாயைக்கூட நகர்த்தமாட்டீர்கள் என்கிறார். இதில் ஒன்று உண்மை இல்லை."

நான் விளக்கினேன். எங்கள் ஊரில் பெண்ணைப் பற்றி எப்படி விசாரிப்பார்கள், விசாரித்தால் மதிப்பான மனிதர் ஒருவர் என்ன பதில் சொல்வார், உம்மா என்ன கேட்டுக்கொண்டார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் தந்தது இந்த ஊரில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய ஆகக்கூடிய புள்ளி என்றேன். பிரியதர்சினி வாயில் கையை வைத்துச் சிரிப்பை மறைத்தார். பேராசிரியர் சிரிக்கவில்லை.

"அப்படியானால் உங்களுக்கு நல்லது நடக்கும் என்றால் அவர் பொய் சொல்வார். சரி. இனி அவரே வந்து பரண் கதை உண்மை என்று சொன்னாலும், அதை நான் எப்படி நம்புவது?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. வாயைத் திறந்தேன், ஒரு சொல்லும் வரவில்லை. வாடியில் ஆறு வருடத்தில் என் வாய் அடைத்துப்போன முதல் தடவை அதுதான். அதை ஜன்னலுக்கு வெளியே நின்றவரும் பார்த்துவிட்டார். ஆங்கிலம் அவருக்கு விளங்காது, ஆனால் நான் பேசாமல் இருப்பது விளங்கியது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்ன பிள்ளை, ஏன் பேசாமல் இருக்கிறாய்? என்னவாம் அவை?"

"முதலாளி, வெளிய போங்க."

"போகமாட்டன். தங்கச்சி, நீங்கள்தானே அண்டைக்குக் கதைச்சனீங்கள்? நான் சொன்னது முழுக்கப் பொய். இவவைப்போல ஒரு வாய்க்காரி இந்தக் கரையிலயே இல்லை."

"முதலாளி!"

"நீ சும்மா இரு. நான் கலியாண வீட்டுக்குப் போன நேரம் பாத்து என்ர வாடியையே பிரட்டிப் போட்டா, தங்கச்சி. கழட்டு எண்டன். நீங்களே கழட்டுங்கோ எண்டு சுத்தியலைக் கொண்டுவந்து கையில தந்தவ."

"சுத்தியல் இல்ல. கத்தி."

"சுத்தியல்தான். எனக்குத் தெரியாதோ?"

"வலைக் கயித்தால கட்டின பரணுக்கு என்னத்துக்கு முதலாளி சுத்தியல்? அதுல ஒரு ஆணி இரிந்திச்சா?"

"ஆணி இல்லாமல் கட்டினதாலதான் முதல் காத்துக்கே ஆடினது!"

"ஆடிச்சு, விழுந்திச்சா? உங்கட பாய்தான் பறந்து போய்க் கடல்ல விழுந்திச்சு."

"முப்பது வருசம் பாயிலதான் காயப்போட்டு வித்தனாங்கள்."

"மணலோட வித்தீங்க!"

"மணல் கழுவினாப் போகும்!"

"அப்ப என்னத்துக்கு இன்னும் பத்துப் பரண் போடச் சொன்னீங்க?"

அவர் நின்றார். "அது வேற கதை" என்றார்.

அப்போதுதான் எனக்குத் திரை ஞாபகம் வந்தது. பிரியதர்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்புக்கிடையில் பேராசிரியருக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். சுத்தியல், கத்தி, ஆணி, மணல் எல்லாம் ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருந்தன. நான் வெட்கத்தில் முக்காட்டைச் சரிசெய்தேன். எல்லாம் முடிந்தது, இனி வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். பேராசிரியர் முதலாளியைப் பார்த்து ஏதோ கேட்டார். பிரியதர்சினி அதைத் தமிழில் சொன்னார்.

"ஐயா, அப்ப ஏன் அன்றைக்கு அப்படிச் சொன்னீங்கள் என்று கேட்கிறார்."

முதலாளி கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கு வாய் இருக்கெண்டு சொன்னா ஒருத்தரும் எடுக்காயினம், தங்கச்சி. அந்தப் பயத்திலதான் சொன்னனான். வாய் இருக்கிறதுக்காகவே எடுக்கிற இடம் ஒண்டு இருக்குமெண்டு எனக்கு ஆர் சொன்னது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் சின்ன வயதிலிருந்து கேட்ட எல்லாப் புத்திமதியும் வாயை மூடு என்பதுதான். உம்மா அன்பாகச் சொன்னார், கல்லூரியில் கண்டிப்பாகச் சொன்னார்கள். என் வாயை ஒரு குணமாக, வெளியார் முன்னால், ஒருவர் எடுத்துச் சொன்னது அன்றுதான். அதுவும் அந்த வாயால் ஆகக்கூடப் பாடுபட்ட மனிதர்.

"இவ இல்லாமல் வாடியை நடத்துவீங்களா என்று கேட்கிறார்."

"ஏலாது." யோசிக்கவே இல்லை.

"அப்ப ஏன் போக விடுறீங்கள் என்று கேட்கிறார்."

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார்.

"இவ செய்யப்போறன் எண்ட எதை நான் மறிச்சு வெண்டிருக்கிறன்?"

பிரியதர்சினி அதை மொழிபெயர்த்தபோது பேராசிரியர் முதல்தடவையாகச் சிரித்தார். தனக்கு வேறு கேள்வி இல்லை என்று சொல்லி, தாளில் எதையோ எழுதிக்கொண்டார்.

உண்மையான மாப்பிள்ளை வீட்டார் கடைசிவரை போன் எடுக்கவே இல்லை. கல்லூரியிலிருந்து பதில் ஒரு மழை நாளில் வந்தது. இடம் உண்டு, முழுப் புலமைப்பரிசிலும் உண்டு. உம்மா என் முகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அழுதார். பிறகு, "அங்க ஹலால் சாப்பாடு கிடைக்குமா மகள்?" என்று கேட்டார். அவரிடமிருந்து அதற்கு மேல் சம்மதம் எதிர்பார்க்க முடியாது. வாப்பா கையில் எண்ணெயோடு கடையிலிருந்து எழும்பி வந்து, பேசாமல் என் தலையில் கையை வைத்தார்.

அடுத்த நாள் வெயில் எறித்தது. வாடிக்குப் போனபோது முதலாளி பரணில் நெத்தலி பரப்பிக்கொண்டிருந்தார். காலை முழுக்கக் கணக்குக் கொப்பிக்குள் தலையை வைத்துக்கொண்டிருந்தேன். பகலும் அப்படித்தான். பின்னேரம், பஸ்ஸுக்குப் போகும் நேரத்தில் பக்கத்தில் போய் நின்று சொன்னேன். அவர் நெத்தலியைத் திருப்பிப்போட்ட கையை நிறுத்தவில்லை.

"எப்ப போகவேணும்?"

"ஜனவரி முதல் கிழமை."

"ஜனவரியில ஏலாது. கடல் நல்லாய் இருக்கிற காலம், மீன் வந்து குவியும். சித்திரை வருசப்பிறப்பு முடியப் போ."

"வகுப்பு ஜனவரியில தொடங்குது முதலாளி."

"அவையிட்டச் சொல்லு."

"அப்பிடிச் சொல்ல ஏலாது."

"கேட்டுப் பாத்தனியோ? கேக்காமலே ஏலாது எண்டுறாய்."

"அது பள்ளிக்கூடம். எனக்காக நிண்டு போகாது."

"அண்டைக்கு நான் கதைச்சனான்தானே, நல்ல மனிசர். திருப்பி நம்பரை அடி, நான் கதைக்கிறன்."

"நீங்க கதைச்சுத்தான் இவ்வளவு பாடும் வந்திச்சு!"

"நான் கதைச்சுத்தான் இடமும் கிடைச்சது!"

மீன் வெட்டும் பெண்கள் கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினார்கள். ஜனவரியா சித்திரையா என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை என்று எனக்குத் தெரியும். அது எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். நான் ஓம் என்று ஒத்துக்கொண்டாலோ அவர் ஓம் என்றாலோ இந்தச் சண்டை முடிந்துவிடும். முடிந்தால் அதற்குப் பிறகு பேசவேண்டியது வேறு கதை, அதைப் பேச எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கம் இல்லை. அவர் ஒரே நெத்தலியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"சித்திரையில போனா வகுப்பில பாதி முடிஞ்சிரும்" என்றேன்.

"பாதி போதும் உனக்கு. மிச்சப் பாதியை நீ அவைக்குப் படிப்பிச்சுப்போட்டு வருவாய்."

ரோட்டில் புத்தளம் பஸ் ஹோர்ன் அடித்தது. தவமலர் அன்ரி குசினி வாசலில் நின்று, "பிள்ளை, பஸ் போகப்போகுது" என்று கூப்பிட்டார்.

"போகட்டும் அன்ரி" என்றேன். "முதலாளிக்கு இன்னும் விளங்கல்ல."